இரட்டிப்பில் வரும் பஸ்

அக்கா மகளின் பள்ளியில் சாலைப் பாதுகாப்பு பற்றி ஒரு குறும்படப் போட்டி. கதையும் குரலும் அவளுடையவை. கம்ப்யூட்டரில் அசைய வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நடுவில் ஒரு காட்சி. சாலையின் கோடியில் புள்ளியாகத் தெரியும் டவுன் பஸ், நேரே நம்மைப் பார்த்து வந்து திரையை அடைத்துக்கொள்ள வேண்டும். மூன்று நொடி. நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் 72 ஃபிரேம்.

பஸ்ஸின் முகம் மட்டும்தான் தெரியும் என்பதால் ஒரே படம் போதும்: கண்ணாடி, வைப்பர், ஊர்ப் பலகை, இரண்டு விளக்கு, கீழே கம்பி கம்பியாக முன்புற கிரில். சின்ஃபிக் என்ற இலவச அனிமேஷன் மென்பொருளில் அதை வரைந்தேன். அதற்கு மேல் அளவை மாற்றும் லேயர் ஒன்றைப் போட்டு, தொடக்கத்தில் 5 சதவீதம், முடிவில் 320 சதவீதம் என்று இரண்டு கீ ஃபிரேம் வைத்தேன். இடையில் உள்ளதை மென்பொருளே சம பங்காக நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு ஓட்டிப் பார்த்தேன்.

பஸ் எடுத்த எடுப்பிலேயே பாய்ந்து வந்தது. பாதி வழியில் அதற்கு என்னவோ ஆகிவிட்டது. தயங்கித் தயங்கி ஊர்ந்து, மூச்சு வாங்கியபடி திரையை நிறைத்தது.

"டிரைவர் ஸ்டாப்பிங் தேடுறாரா மாமா?" என்றாள் அவள்.

தேடியது டிரைவர் இல்லை, கணக்கு. 5-லிருந்து 320-க்குப் போக 315 ஏற வேண்டும். 72 பங்காகப் பிரித்தால் ஃபிரேமுக்கு 4.375. முதல் தாவலிலேயே 5 என்பது 9.375 ஆகிறது, ஒரே ஃபிரேமில் பஸ் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கடைசித் தாவலில் 315.625 என்பது 320 ஆகிறது. ஒன்றரை சதவீத வளர்ச்சிகூட இல்லை. இரண்டு இடத்திலும் கூட்டியது அதே 4.375 தான். கண்ணுக்கு அந்த 4.375 தெரிவதில்லை. 'இருந்ததைப் போல எத்தனை மடங்கு' என்பதுதான் தெரிகிறது.

பெட்டிக்கடையில் 5 ரூபாய் மிட்டாய் 9 ரூபாய் ஆனால் சண்டைக்குப் போகிறவர், 315 ரூபாய் பொருள் 320 ஆனால் பேசாமல் வாங்கிப் போவார். அளவு விஷயத்தில் கண்ணும் அப்படித்தான்.

*

அளவு மாற்றும் லேயர் உண்மையில் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அது படத்தைத் தொடுவதே இல்லை. சின்ஃபிக்கில் லேயர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அளவு லேயரில் ஒரு கோடுகூட வரைந்திருக்காது. தனக்குக் கீழே உள்ளதையெல்லாம் வேறு அளவில் காட்டுவது மட்டும் அதன் வேலை. ஒரு குழுவுக்குள் போட்டால் அதன் அதிகாரம் அந்தக் குழுவோடு முடிந்துவிடும். லேயரை அணைத்தால் பஸ் பழைய அளவில், ஒரு சிராய்ப்பும் இல்லாமல் அப்படியே இருக்கும். செய்தித்தாள்மேல் வைத்த பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டால் எழுத்து பழையபடி ஆகிவிடுவது போல.

பூதக்கண்ணாடிக்கும் இதற்கும் இன்னொரு ஒற்றுமை, வேலை பின்னோக்கி நடப்பது. '3.2 மடங்கு பெரிதாக்கு' என்றால், மூலப் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் எடுத்துத் தள்ளி வைப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அப்படிச் செய்தால் தள்ளி வைத்த புள்ளிகளுக்கு நடுவே ஓட்டை விழும். எனவே கணினி திரையிலிருந்து தொடங்குகிறது. மையத்திலிருந்து 320 பிக்சல் தள்ளி இருக்கும் திரைப்புள்ளி, 'நான் என்ன நிறம்?' என்று கேட்கிறது. லேயர் 320-ஐ 3.2-ஆல் வகுத்து, 'மூலப் படத்தில் 100 பிக்சல் தள்ளிப் போய்ப் பார்' என்கிறது. பெரிதாக்கும் லேயருக்குள் நடப்பது வகுத்தல். இதே கேள்வியைத் திரையின் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு ஃபிரேமிலும் கேட்கிறது.

படத்தையும் அதன் அசைவையும் இப்படிப் பிரித்து வைக்கும் பழக்கம் கம்ப்யூட்டருக்கு முந்தியது. காகிதத்தில் வரைந்த காலத்தில், தாளில் துளை போட்டு, மேசையில் உள்ள முளைகளில் மாட்டித்தான் வரைவார்கள். அப்போதுதான் அடுத்தடுத்த தாள்கள் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். 1910-களில் நியூயார்க்கில் ஸ்டூடியோ நடத்திய ரவூல் பாரே இந்த ஏற்பாட்டுக்குப் பெயர்பெற்றவர். அந்த முளைக்கு ஆங்கிலத்தில் 'பெக்'. டூன் பூம் ஹார்மனி மென்பொருளில் நகர்த்தவும் அளவை மாற்றவும் மட்டுமே இருக்கும் வெற்று லேயருக்கு இன்றும் 'பெக்' என்றே பெயர். தாளும் துளையும் போய்விட்டன, முளை தங்கிவிட்டது.

கணினியில் இதைச் செய்து காட்டியவர் இவான் சதர்லேண்ட். 1963-இல் எம்.ஐ.டி-யில் ஆய்வேட்டுக்காக அவர் எழுதிய 'ஸ்கெட்ச்பேட்', டிஎக்ஸ்-2 என்ற அறையளவு கணினியில் ஒளிப்பேனாவால் வரைய விட்டது. ஒரு மூலப் படத்தை வரைந்து, அதன் பிரதிகளை வேண்டிய அளவில், வேண்டிய கோணத்தில் எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். மூலத்தில் ஒரு கோட்டைத் திருத்தினால் எல்லாப் பிரதிகளிலும் அது திருந்தும். பிரதி என்று சேமித்தது படத்தை அல்ல. 'அந்தப் படம், இந்த இடம், இந்த அளவு, இந்தக் கோணம்' என்ற குறிப்பை மட்டும். என் பஸ்மேல் உட்கார்ந்திருக்கும் லேயர் அந்தக் குறிப்பின் நேர் வாரிசு.

*

குறிப்பு என்றால் அதில் ஒரு விஷயம் தவறாமல் இருக்க வேண்டும்: எதை மையமாக வைத்துப் பெரிதாக்குவது? புதிதாக வருபவர்கள் முதலில் இடறி விழும் இடம் இது.

என் திரை, நடுவிலிருந்து இரு பக்கமும் நான்கு அலகு அகலம். பஸ்ஸை நடுவிலிருந்து வலப்பக்கம் இரண்டு அலகு தள்ளி வரைந்திருந்தேன். லேயரின் மையமோ பூஜ்யத்தில், அதாவது திரையின் நட்டநடுவில். 5 சதவீதத்தில் பஸ் 0.1 அலகில் நின்றது. 320 சதவீதத்தில் 6.4 அலகுக்குப் போய்விட்டது, திரைக்கு வெளியே. லேயருக்குப் பஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. மையத்திலிருந்து எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதை அத்தனை மடங்கு தள்ளுகிறது, வெற்றிடம் உட்பட.

பிழை என்று நினைத்து மையத்தைப் பஸ்ஸின் வயிற்றுக்கு நகர்த்தப் போனேன். அப்புறம் கை நின்றது. சாலையின் இரண்டு ஓரக் கோடுகளும் தொடுவானத்தில் ஒரு புள்ளியில் சேர்கின்றன அல்லவா, லேயரின் மையத்தை அங்கே வைத்துப் பார்த்தேன். பஸ் தொடுவானத்தில் பிறந்து, தன் வழித்தடத்தை விட்டு விலகாமல், பெரிதாகப் பெரிதாகத் தானே கீழிறங்கி வந்தது. நகர்த்துவதற்கென்று தனியாக ஒரு கீ ஃபிரேம்கூடத் தேவைப்படவில்லை. சாலைக் கோடுகள் சேரும் புள்ளியிலிருந்து பெருக்குவதும், தூரத்திலிருந்து கிட்டே வருவதும் வடிவ கணிதத்தில் ஒரே செயல்.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் இரண்டாம் உலகப் போரின்போது விமானிகளின் பார்வையை ஆராய்ந்தவர். ஓடுபாதையை நோக்கி இறங்கும் விமானிக்குக் காட்சி முழுவதும் ஒரு புள்ளியிலிருந்து வெளிப்பக்கமாக விரிந்து ஓடும். அந்தப் புள்ளி மட்டும் அசையாது. எது அசையவில்லையோ அங்கேதான் போய் இறங்கப்போகிறோம். அளவு லேயரின் மையம் அந்த அசையாத புள்ளிதான்.

மையம் தெளிந்தால் அடுத்த குழப்பம் வரிசை. பெரிதாக்கும் லேயர், நகர்த்தும் லேயர் இரண்டையும் போட்டால் எது முதலில்? நடுவிலிருந்து 2 அலகில் ஒரு விளக்கு. மூன்று மடங்காக்கி 4 அலகு நகர்த்தினால் 6, பிறகு 10. நகர்த்திவிட்டு மூன்று மடங்காக்கினால் 6, பிறகு 18. சட்டையை இஸ்திரி போட்டு உடுத்துவதற்கும், உடுத்திக்கொண்டு இஸ்திரி போடுவதற்கும் உள்ள வித்தியாசம். லேயர் அடுக்கில் கீழே இருப்பது முதலில் நடக்கும், மேலே இருப்பது பிறகு. இதை மறந்து நான் வீணாக்கிய மாலைகளின் எண்ணிக்கையை இங்கே எழுதப் போவதில்லை.

பெருக்கலும் கூட்டலும் இப்படி மாறி மாறி வந்தால் கணினிக்கும் தொல்லை. அதற்கு ஒரு பழைய தந்திரம் கைகொடுக்கிறது. (x, y) என்ற புள்ளியோடு மூன்றாவதாக ஒரு 1-ஐ ஒட்டவைத்து (x, y, 1) என்று எழுதிவிட்டால், நகர்த்துவதும் ஒரு பெருக்கலாக மாறிவிடும்: நகர வேண்டிய தூரத்தை அந்த 1-ஆல் பெருக்கிக் கூட்டினால் ஆயிற்று. நகர்த்து, திருப்பு, பெரிதாக்கு எல்லாமே மூன்றுக்கு மூன்று எண் கட்டங்கள் ஆகிவிடும். பத்து லேயர் இருந்தாலும் பத்துக் கட்டங்களையும் முன்கூட்டியே பெருக்கி ஒரே கட்டமாக்கி வைத்துக்கொள்ளலாம். மோபியஸ் பட்டையால் பெயர்பெற்ற ஆகஸ்ட் மோபியஸ் 1827-இல் போட்ட அடித்தளம் இது. கணினி வரைகலைக்குள் இதை 1960-களில் கொண்டுவந்த லாரன்ஸ் ராபர்ட்ஸ், பின்னாளில் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டைக் கட்டியவர்களில் ஒருவர்.

*

பஸ் இன்னும் ஸ்டாப்பிங் தேடிக்கொண்டிருக்கிறது.

நான் போட்டிருந்தது சின்ஃபிக்கின் 'ஸ்ட்ரெட்ச்' லேயர். அதில் மடங்கை நேரடியாக எழுதலாம்: 1 என்றால் அதே அளவு, 2 என்றால் இரண்டு மடங்கு, 0 என்றால் படம் காணாமல் போகும், கிடைவாக்கில் -1 என்றால் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறும். அதே பட்டியலில் 'ஸ்கேல்' என்று இன்னொரு லேயர் உண்டு. அதில் 0 என்று எழுதினால் படம் மறைவதில்லை, இருந்தபடியே இருக்கிறது. 2 என்று எழுதினால் இரண்டு மடங்கு வருவதில்லை, 7.39 மடங்கு வருகிறது. இரட்டிப்பாக்க 0.693 என்று எழுத வேண்டும், பாதியாக்க -0.693. முதன்முதலில் பார்த்தபோது, எழுதியவருக்கு என்ன கோபமோ என்று நினைத்தேன்.

அந்த எண், மடங்கின் இயல்மடக்கை. 2.718... என்ற e-யை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் வேண்டிய மடங்கு கிடைக்குமோ, அந்த அடுக்கு. பன்னிரண்டாம் வகுப்போடு மடக்கையை வழியனுப்பி வைத்தவர்கள் இங்கே பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், விஷயம் எளிது. ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் 1614-இல் மடக்கையை வெளியிட்டது பெருக்கலைக் கூட்டலாக்கத்தான். ஸ்கேல் லேயரில் 0.693-ஐக் கூட்டினால் படம் இரட்டிக்கிறது, மறுபடி கூட்டினால் மறுபடி இரட்டிக்கிறது. எந்த எண்ணை எழுதினாலும் படம் பூஜ்யமாகாது, குப்புற விழாது. மென்பொருள் எப்போதும்போல சம பங்காகக் கூட்டிக்கொண்டே போகலாம். திரையில் அது சம மடங்காகப் பெருகிக்கொண்டே வரும்.

5 சதவீதத்தின் மடக்கை -2.996. 320 சதவீதத்துக்கு 1.163. இரண்டு எண்ணையும் ஸ்கேல் லேயரில் போட்டேன். 5-லிருந்து 320 என்பது 64 மடங்கு, அதாவது ஆறு இரட்டிப்பு. 72 ஃபிரேமில் ஆறு இரட்டிப்பு என்றால் 12 ஃபிரேமுக்கு ஒன்று; ஒவ்வொரு ஃபிரேமும் முந்தியதைப் போல 1.0595 மடங்கு.

இந்த எண்ணை எங்கேயோ பார்த்த ஞாபகம் இருக்கிறதா? ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம படிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு படியிலும் அதிர்வெண் ஏறும் மடங்கு இதுதான். வீணையில் 24 மெட்டுகள். முதல் பன்னிரண்டு மெட்டுகள் தந்தியின் பாதி நீளத்தை எடுத்துக்கொள்ளும்; அடுத்த பன்னிரண்டும் மீதியில் பாதிக்குள் அடங்கிவிடும். இடைவெளி குறுகிக்கொண்டே போவதைப் பார்த்து, வீணை செய்தவர் அளவு தவறிவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. காது சம படியாகத்தான் கேட்கிறது.

பார்வைக்கு இதே வேலையைச் செய்த படம் ஒன்று உண்டு. சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1977-இல் எடுத்த 'பவர்ஸ் ஆஃப் டென்'. சிகாகோ ஏரிக்கரையில் படுத்திருக்கும் ஒருவரிடமிருந்து தொடங்கி, பத்து நொடிக்குப் பத்து மடங்காகக் காட்சி விரிகிறது: பூங்கா, நகரம், பூமி, சூரிய மண்டலம், பால்வெளி. சம பங்காகக் கூட்டி இந்தப் படத்தை எடுத்திருந்தால், ஏரிக்கரையும் நகரமும் பூமியும் முதல் ஃபிரேமுக்குள்ளேயே முடிந்து, மீதி நேரமெல்லாம் விண்மீன் கூட்டங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஓட்டிக் காட்டினேன். சீராக வந்தது. ஒரு திணறலும் இல்லை. அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இப்போ நல்லா இருக்கு. ஆனா பஸ் மாதிரி இல்ல. பலூன் ஊதுற மாதிரி இருக்கு."

*

பெரியவர்களிடம் காட்டியிருந்தால் வேலை அத்தோடு முடிந்திருக்கும்.

அவள் சொன்னது சரி. உண்மையான பஸ் அடுக்கேற்றமாகப் பெருகுவதில்லை. ஒரு பொருள் கண்ணுக்குத் தெரியும் அளவு, தூரத்தின் தலைகீழி: தூரம் பாதியானால் அளவு இரட்டிக்கும். 64 மீட்டரில் இருக்கும் பஸ் ஒரே வேகத்தில் 72 ஃபிரேமில் 1 மீட்டருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபிரேமுக்கு 0.875 மீட்டர், கணக்குப் போட்டால் மணிக்கு 75 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், சில தடங்களில் இது மிகையே இல்லை. முதல் இரட்டிப்புக்கு 64 மீட்டர் 32 ஆக வேண்டும். அதற்கே பாதி நேரம், 37 ஃபிரேம், போய்விடுகிறது. இரண்டாவதுக்கு 16 மீட்டர் வந்தால் போதும், 55-வது ஃபிரேம். அடுத்தவை 64, 69, 71, 72. ஆறு இரட்டிப்பில் கடைசி மூன்றும் எட்டே ஃபிரேமில், மூன்றில் ஒரு பங்கு நொடியில் நடந்துவிடுகின்றன.

இந்த எண்களைத் தாளில் எழுதி, முதலில் செய்த தவறான பஸ்ஸின் எண்களை அருகில் எழுதிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தவறான பஸ் முதல் பாதியில் ஐந்து இரட்டிப்பு, இரண்டாம் பாதியில் ஒன்று. சரியான பஸ் முதல் பாதியில் ஒன்று, இரண்டாம் பாதியில் ஐந்து. தவறான பஸ் முதல் தாவலில் 1.875 மடங்கு, சரியான பஸ் கடைசித் தாவலில், 1.875 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு வரும்போது, அதே 1.875 மடங்கு. இரட்டிப்புக் கணக்கில் பார்த்தால் நான் செய்தது ஏதோ ஒரு தவறு இல்லை. நிஜத்தைத் துல்லியமாகத் தலைகீழாக ஓட்டியிருக்கிறேன்.

இதைக் கண் எப்படிக் கண்டுபிடிக்கிறது? பொருளின் இப்போதைய அளவை, அது வளரும் வேகத்தால் வகுத்தால், மோத இன்னும் எவ்வளவு நேரம் என்பது கிடைத்துவிடும். பொருளின் உண்மையான பருமனோ தூரமோ வேகமோ தெரிய வேண்டியதில்லை. வானியலாளர் ஃபிரெட் ஹாயில் 1957-இல் எழுதிய 'தி பிளாக் கிளவுட்' நாவலில், பூமியை நோக்கி வரும் மேகம் எப்போது வந்து சேரும் என்று இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். 1976-இல் டேவிட் லீ, வண்டி ஓட்டுபவர்கள் எப்போது பிரேக்கை மிதிக்கிறார்கள் என்பதை விளக்க இதே அளவையைக் கையில் எடுத்து, அதற்கு 'டௌ' என்ற கிரேக்க எழுத்தைப் பெயராக வைத்தார்.

டௌ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று பஸ்ஸையும் பார்க்கலாம். நிஜ பஸ்ஸுக்கு டௌ மூன்று நொடி, இரண்டு நொடி, ஒன்று என்று குறைந்துகொண்டே வருகிறது. என் முதல் பஸ்ஸுக்கு டௌ ஏறிக்கொண்டே போகிறது. கிட்டே வர வர, மோதுவது தள்ளிப் போகிறது. இரண்டாவது பஸ்ஸுக்கு டௌ மாறுவதே இல்லை. 12 ஃபிரேமை 0.693-ஆல் வகுத்தால் 17 ஃபிரேம் சொச்சம்: எந்த நொடியில் பார்த்தாலும் அது மோதுவதற்கு முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவான நேரமே இருக்கிறது, ஆனால் மோதுவதே இல்லை. பலூன் என்று அவள் சொன்னது இதைத்தான்.

மனிதக் கண்ணுக்கு மட்டும் இது தெரியும் என்றில்லை. 1962-இல் அமெரிக்காவில் ரீசஸ் குரங்குகளின் முன் திரையில் ஒரு நிழலை வேகமாகப் பெரிதாக்கியபோது அவை பின்வாங்கிப் பதுங்கின. அதே நிழலைச் சுருக்கியபோது அப்படிச் செய்யவில்லை. வெட்டுக்கிளியின் மூளையில், நெருங்கி வரும் பொருளுக்கென்றே துடிக்கும் நரம்பணு ஒன்று உண்டு. நியூகாசில் பல்கலைக்கழகத்தின் கிளேர் ரிண்டும் பீட்டர் சிம்மன்ஸும் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் காட்சிகளை வெட்டுக்கிளிக்குப் போட்டுக் காட்டி அந்த நரம்பணுவைப் பதிவு செய்தார்கள். சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு அவர்களுக்கு 2005-இல் கிடைத்தது. அமைதிப் பிரிவில்!

என் வேலை இப்போது எளிதாகிவிட்டது. ஸ்கேல் லேயரில் 0, 37, 55, 64, 69, 71, 72 ஆகிய ஃபிரேம்களில் கீ வைத்து, ஒவ்வொன்றிலும் முந்தியதைவிட 0.693 கூட்டி எழுதினேன்.

*

வேகம் சரியானதும் அதுவரை கண்ணில் படாத இன்னொரு தொல்லை மேலே வந்தது. தூரத்தில் வரும்போது பஸ்ஸின் கிரில் மினுமினுத்தது. இல்லாத பட்டைகள் தோன்றி ஊர்ந்தன.

கிரில் கம்பிகளை நான் 10 பிக்சலுக்கு ஒன்றாக வரைந்திருந்தேன். 5 சதவீதத்தில் அது அரை பிக்சலுக்கு ஒன்று. ஒரு பிக்சலுக்குள் இரண்டு கம்பி எப்படித் தெரியும்? ஒரு கம்பிக்கும் ஒரு இடைவெளிக்கும் குறைந்தது ஒவ்வொரு பிக்சலாவது வேண்டும். நைக்விஸ்ட் 1928-இல் தந்திச் செய்திகளுக்குச் சொன்ன வரம்பின் சாரம் இது. அதன்படி கிரில் ஒழுங்காகத் தெரிய 20 சதவீத அளவாவது வேண்டும். என் பஸ் 20 சதவீதத்தைத் தொடுவது 55-வது ஃபிரேமில். அதுவரை கிரில் பொய் சொல்லிக்கொண்டே வருகிறது.

வீடியோ விளையாட்டுகளில் இதற்குத் தயார் மருந்து உண்டு. நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் வேலை பார்த்த லான்ஸ் வில்லியம்ஸ் 1983-இல் சொன்னது: ஒவ்வொரு படத்துக்கும் பாதி, கால், அரைக்கால் என்று பதமாகக் குறுக்கிய பிரதிகளை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள், எந்த அளவு வேண்டுமோ அதற்குப் பக்கத்தில் உள்ளதை எடு. எல்லாப் பிரதிகளையும் சேர்த்தாலும் நினைவகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடும். 'மிப்மேப்' என்று பெயர். இங்கேயும் படிகள் இரட்டிப்பில்தான்.

நான் கைவேலையாகவே செய்தேன்: கிரில் இருக்கும் இடத்தில் வெறும் சாம்பல் பட்டை போட்ட இன்னொரு பஸ்ஸை வரைந்து, 55-வது ஃபிரேம் வரை அதை ஓட்டிவிட்டு மாற்றினேன். யாருக்கும் தெரியவில்லை. உயிரே போனாலும் ஒரே படத்தைத்தான் பயன்படுத்துவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்களை எனக்குப் புரிவதில்லை. தூரத்தில் இருக்கும் பஸ்ஸும் கிட்டே இருக்கும் பஸ்ஸும் ஓவியருக்கு வேறு வேறு படங்கள்.

கோட்டின் தடிமனும் இந்த வகைச் சிக்கல்தான். வெக்டர் படம் எத்தனை பெரிதாக்கினாலும் பிசிறடிக்காது என்பது உண்மை. அதன் வளைவுகள் சிட்ரோவனில் பால் தெ காஸ்தெல்ஜோவும் ரெனோவில் பியர் பெசியேவும் கார் உடம்பை வரையக் கண்டுபிடித்தவை. நான்கு புள்ளிகளின் எடையிட்ட சராசரியாகவே ஒரு வளைவு எழுதப்படுகிறது. நான்கு புள்ளியையும் பெருக்கினால் வளைவு தானே பெருகிவிடும். ஆனால் 2 பிக்சல் தடிமனில் போட்ட கோடு, 5 சதவீதத்தில் 0.1 பிக்சலாகி மங்கும். 320 சதவீதத்தில் 6.4 பிக்சலாகித் தார் பூசியதுபோல் நிற்கும். லேயரைப் போடாமல் வளைவின் புள்ளிகளை மட்டும் இழுத்துப் பெரிதாக்கினால் நேர்மாறு: உருவம் பெரிதாகும், கோடு பழைய தடிமனிலேயே ஒட்டியிருக்கும். எது வேண்டும் என்பது ரசனை. எனக்கு இரண்டுக்கும் நடுவில் பிடிக்கும்.

அளவைச் சார்ந்திராமல் உருவத்தைக் குறித்து வைப்பது நம் ஸ்தபதிகளுக்கும் பழக்கமானது. சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலை வார்ப்பவர்கள், செய்யப்போகும் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலைக் கீற்று ஒன்றை வெட்டிக்கொண்டு, அதைச் சாஸ்திர விகிதப்படி மடித்து மடித்து முகம், மார்பு, இடை என்று அளவு குறிப்பார்கள். ஒடியோலை என்பார்கள். ஓலை ஒரு சாணாக இருந்தாலும் ஆள் உயரமாக இருந்தாலும் மடிப்புகளின் விகிதம் மாறாது. சென்டிமீட்டருக்கு அங்கே வேலையில்லை.

*

படத்தின் கடைசியில், சிக்னலை மதிக்காதவர்களைப் பிடித்துப்போக ஒரு சாலைப் பூதம் வரும். புதிதாக வரையச் சோம்பல்பட்டு, கதையில் வரும் சிறுவனையே நான்கு மடங்காக்கி, மீசை ஒட்டி, பச்சை நிறம் அடித்துவிட்டேன். நடக்கவிட்டால் பூதமாகத் தெரியவில்லை. கேமராவுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்ட மீசை வைத்த பையனாகத் தெரிந்தது.

காரணம் கலிலியோ 1638-இல் எழுதியது. நீளம் நான்கு மடங்கானால் எலும்பின் குறுக்குப் பரப்பு 16 மடங்கு, எடையோ 64 மடங்கு. அதே உருவத்தை அப்படியே பெருக்கினால் எலும்பு தாங்காது. பெரிய விலங்கின் எலும்பு விகிதத்தில் தடித்தே ஆக வேண்டும். எனவே பூதத்தின் காலை மட்டும் கிடைவாக்கில் இன்னும் அகலமாக்கினேன். ஸ்ட்ரெட்ச் லேயர் கடைசியில் உபயோகப்பட்டது.

மீதிக் காரணம் நேரம். விழும் நேரமும் ஊசலாடும் நேரமும் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தவை. நான்கு மடங்கு நீளமான கால் ஊசலாட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். கால் அளவு மாதிரிக் கப்பலை வைத்துப் படம் எடுப்பவர்கள் நொடிக்கு 24-க்குப் பதில் 48 ஃபிரேம் எடுத்து, மெதுவாக ஓட்டிக் காட்டுவது இதனால்தான். அலை அப்போதுதான் கடலலையாகத் தெரியும். அளவு லேயருக்கு இடம் மட்டும்தான் தெரியும், நேரம் தெரியாது. பையன் ஓர் அடி எடுத்துவைக்க 12 ஃபிரேம் கொடுத்திருந்தேன். பூதத்துக்கு 24 கொடுத்தேன். திரும்ப ஓட்டியபோது அதற்கு எடை வந்திருந்தது. ஒரு கோடுகூட மாற்றவில்லை.

முழுப் படத்தையும் ராத்திரி அவளுக்குப் போட்டுக் காட்டினேன். படத்தைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் புறப்பட்டு வெகு நேரம் புள்ளியாகவே இருந்தது. அவள் கை முறுக்குத் தட்டுக்குப் போனது. கடைசி எட்டு ஃபிரேம் வந்தபோது, கையில் முறுக்கோடு தலை ஒரு விரற்கடை பின்னால் போனது. அவளுக்கே தெரிந்திருக்காது.

"இப்போ பஸ்ஸு" என்றாள். பிறகு, "ஹாரன் எங்க மாமா?"